பலகையில் ஒரு பூஜ்யம்

பெட்டி அவன் காலில் விழுந்தது.

நழுவவிட்டவன் நான். மேஜரும் பாரம் தூக்குவார் என்று ஜவான்களுக்குக் காட்டப் போனதன் பலன்.

குண்டுகள் அடைத்த பெட்டி. பஞ்சு மூட்டை இல்லை.

"ஒண்ணும் இல்ல சார்," என்றான் இருளப்பன். முகம் மட்டும் வெளுத்திருந்தது.

நான் அவன் காலைப் பார்க்கவில்லை. பலகையைத்தான் பார்த்தேன்.

பலகை புதுக் கர்னல் மாட்டியது. ஏதோ நிர்வாகப் பயிற்சிக்குப் போய்வந்தவர். சோப்பு விற்பவர்களுக்கு இலக்கு இருக்கிறதாம், நமக்கு ஏன் கூடாது என்றார். இந்த மாத இலக்கு, காயங்களைக் குறைப்பது. எத்தனைக்குள் நிறுத்துவது என்று அந்தந்தக் கம்பெனியின் மேஜரே சொல்ல வேண்டும்.

நான் பூஜ்யம் என்றேன்.

பிராவோ கம்பெனியின் வேதமுத்து, "முடிஞ்ச வரைக்கும்" என்றான்.

எந்தக் கம்பெனியின் வண்டி அடிபட்டவனை மருத்துவ அறைக்குக் கொண்டுபோகிறதோ, அதன் பெயருக்கு நேரே எண் ஏறும். என் ஆல்ஃபா கம்பெனிக்கு நேரே இன்னமும் பூஜ்யம். வேதமுத்துவின் பிராவோவுக்குப் பதினொன்று.

விடிந்ததும், ஆள் நடமாட்டம் இல்லாதபோது போய் என் பூஜ்யத்தைப் பார்ப்பேன். யாருக்கும் தெரியாது.

பெட்டி விழுந்த அன்றே கர்னல் எல்லார் முன்னாலும் வேதமுத்துவைக் காய்ச்சி எடுத்தார். என் முதுகில் தட்டிக்கொடுத்தார்.

அன்று மாலை டீக் கொப்பரையருகே ஒரே சிரிப்பு. வேதமுத்துவைச் சுற்றி.

என்னைச் சுற்றி எல்லோரும் விறைப்பாக நின்றார்கள்.

வயிறு எரிந்தது. அதைக் குறைக்க யாரும் இலக்கு வைக்கவில்லை.

மறுநாள் காலை பிராவோ வண்டி மருத்துவ அறைக்குக் கிளம்பியது. கடைசியாக ஒருவன் நொண்டி நொண்டி ஏறினான். வேதமுத்து கைகொடுத்துத் தூக்கிவிட்டான்.

இருளப்பன். என் இருளப்பன்.

எட்டிப் பார்த்தேன். உள்ளே கையில் கட்டோடு ஒருவன், வீங்கிய முட்டியோடு ஒருவன். இருவரும் என் ஆட்கள்.

ஆக, அந்தப் பதினொன்றில் எத்தனை என்னுடையது?

"என் பசங்களையும் வளைச்சுட்டியா?" என்று கேட்டேன்.

"வண்டியில எடம் இருந்துச்சுப்பா," என்றான் வேதமுத்து.

திட்டு வாங்கியதையும் ஒரு வார்த்தை சொல்லிக்காட்டவில்லை. அதற்கும் பொறாமைப்பட்டேன்.

பகலில் இருளப்பனைத் தேடிப் போனேன். கட்டுப் போட்ட காலை ஒரு வாளியின் மேல் நீட்டி உட்கார்ந்திருந்தான். பெருவிரல் எலும்பு முறிந்திருந்தது.

"என்கிட்ட ஏன்டா சொல்லல?"

"ஒண்ணும் இல்ல சார்."

"அவர்தான் உங்களுக்கு ஒசத்தி. அப்படித்தானே?"

பதறி எழப் பார்த்தான். தோளை அழுத்தி உட்காரவைத்தேன். நானும் தரையில் உட்கார்ந்தேன்.

"நேராச் சொல்லு."

வாளியைப் பார்த்தபடியே சொன்னான்.

"தெனம் காலைல அந்தப் பலகை முன்னால நின்னு நீங்க தனியா சிரிப்பீங்க சார். அதைக் கெடுக்க எங்க யாருக்கும் மனசு வரல."