கீழ்ப்பலகை

பொன்னம்மாள் கிலுகிலுப்பையைக் காதருகே கொண்டுபோய் ஆட்டினாள். அதன் தலையைத் திருகினாள், இழுத்தாள். பிறகு பல்லால் அழுத்திக் கடித்துப் பார்த்தாள்.

"போன வாரம் கிண்ணத்தோட விளிம்பைக் கடிச்சுத் தொண்டையில சிக்கிடுச்சுங்க. ஆஸ்பத்திரியிலதான் எடுத்தாங்க. இது ஒடைஞ்சா உசுரே போயிருமுங்க."

"ஒடையாதுங்க. ஒட்டு இல்லாம ஒரே துண்டா செஞ்சது" என்றாள் பிரபாவதி. "பல்லு அத்தனை வலுவா?"

பொன்னம்மாள் மறுபடியும் கடித்துப் பார்த்தாள்.

பிரபாவதிக்கு அவளைப் பார்க்கப் பார்க்கப் பிடித்தது. சோளக்காட்டுச் சந்தையில் வேறு யார் இப்படிச் சோதித்து வாங்குகிறார்கள்? நிறத்தைப் பார்ப்பார்கள், பேரம் பேசுவார்கள், தவழும் பிள்ளைக்கு ரிமோட் கார் வாங்கிப் போவார்கள்.

மலையடிவாரக் காரவள்ளியிலிருந்து மூட்டையோடு பஸ் ஏறி வந்து கடை போடுகிறவள் பிரபாவதி. படி வைத்தாற்போல் நான்கு பலகைகள். மேலே பெரிய பிள்ளைகளுக்கானவை. இறங்க இறங்க வயது குறையும். கீழ்ப்பலகையில் கிலுகிலுப்பை.

அதற்கும் சின்னதற்கு யாராவது கேட்டால், "பச்சப்புள்ளைக்கு எதுக்குங்க பொம்மை? விரலை நீட்டுங்க, புடிச்சுக்கும்" என்று அனுப்பிவிடுவாள்.

பொன்னம்மாள் இந்த மலையிலேயே குண்டூர் நாட்டுக்காரி. முதலில் வந்தபோது துண்டுகளைச் சேர்த்துப் படமாக்கும் அட்டை வாங்கினாள். சில மாதம் கழித்து நூலில் கோக்கும் மணிகள். அப்புறம் ஒன்றுக்குள் ஒன்று அடங்கும் கிண்ணங்கள்.

வயதை ஒருநாளும் சொன்னதில்லை. என்ன செய்கிறது என்பதை மட்டும் சொல்வாள். நூலைப் பிடிக்கிறது, ஓட்டைதான் தெரியவில்லை என்பாள். பிரபாவதியின் கை தானாகச் சரியான பலகைக்குப் போய்விடும்.

வீடு நிறையப் பிள்ளைகள், மூத்ததில் தொடங்கி வரிசையாக வாங்குகிறாள் என்றுதான் பிரபாவதி நினைத்திருந்தாள். ஒவ்வொன்றும் எந்தப் படியில் நிற்கிறது என்று இவ்வளவு கவனித்து வைத்திருக்கிறாளே!

"ஏனுங்க அம்மிணி, ஊட்டுல பால்வாடி நடத்தறீங்களா?"

பொன்னம்மாள் சிரித்துவிட்டாள். "ஒண்ணே ஒண்ணுதானுங்க. அதுவே ஒம்போது புள்ளைக்குச் சமம்."

பிறகு கிலுகிலுப்பையின் பிடியை விரலால் அளந்தாள். "பிடிதான் பத்தாதுங்க. கை பெருசு."

"ஆறு மாசக் கை அப்படி என்னங்க பெருசு?"

பொன்னம்மாள் தன் உள்ளங்கையை விரித்து, விரல் நுனிக்கு அப்பால் ஒரு கணு தள்ளிக் காட்டினாள்.

"மிளகு பறிச்ச கைங்க. ஏணி மேல நின்னு ஒரு உருவு உருவுனா கொத்து மொத்தமும் வந்துரும். இந்தப் பக்கத்துல அப்படி ஒரு கை கெடையாது."

பிரபாவதியின் கை பலகை மேல் அப்படியே நின்றது.

அட்டை. மணி. கிண்ணம். கிலுகிலுப்பை. எல்லாம் ஒருவருக்குத்தான்.

"எங்க ஊட்டுக்காரருங்க" என்றாள் பொன்னம்மாள். "ரெண்டு வருசமா நெனப்பு ஒவ்வொண்ணாப் போயிட்டிருக்குது. கையில ஒண்ணு இருந்தா அழுவறதில்லை. வயசைச் சொல்லியிருந்தா பொம்மை குடுத்திருப்பீங்களா?"

பிரபாவதி தோள் துண்டை எடுத்துப் பிடியைச் சுற்றி இறுக்கினாள். கோணி ஊசியால் தைத்து நூலை முடிந்தாள். பொன்னம்மாள் அதை வாங்கி, முடிச்சையும் கடித்து இழுத்துப் பார்த்தாள். அசையவில்லை. அவள் முகம் தெளிந்தது.

அடுத்த முறை வரும்போது என்று ஏதோ சொல்ல வாயெடுத்தாள் பிரபாவதி. கண் கீழ்ப்பலகைக்குப் போயிற்று. அதன் கீழே ஈர மண்தான் இருந்தது.

பொன்னம்மாளும் அங்கேதான் பார்த்தாள்.

"அதுக்கப்புறம் என் விரல் இருக்குதுங்களே" என்றாள். கிலுகிலுப்பையை ஒருமுறை ஆட்டிப் பார்த்துவிட்டு, பஸ்ஸுக்கு நடந்தாள்.