ஆறு ஓட்டைகள்

துப்பாக்கி கிளப் அலமாரியில் இரண்டு ரிவால்வர்கள் இருந்தன. பெரியதைப் பார்த்தால் எல்லோரும் வாயைப் பிளப்பார்கள். குட்டித் தோட்டா போடும் சின்னதை யாரும் சீண்டுவதில்லை. இன்றும் ஆள் கிடைக்காவிட்டால் அதைப் பரணில் போடுவதாகச் செயலாளர் சொல்லிவிட்டார்.

பொழுதுபோக்காகக் குறிபார்த்துச் சுட ஸ்டெல்லா வந்தாள்.

"என்னைத்தான் எடுப்பாள்," என்றது பெரியது. "உன் சத்தம் அப்பளம் நொறுங்குற மாதிரி இருக்குடா."

"அப்பளம் பிடிக்காதவங்க யாருண்ணே?" என்றது சின்னது.

ஸ்டெல்லா பெரியதையே எடுத்தாள். முதலில் படம் பிடித்து அக்காவுக்கு அனுப்பினாள், அது இல்லாமலா? பிறகு ஆறு முறை சுட்டாள். ஆறு முறையும் கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டே சின்னதை எடுத்தாள். அது கையை உதைக்கவில்லை. அவளும் கண்ணை மூட மறந்துபோனாள். எதிரே தொங்கிய குறிக் காகிதத்தில் ஆறு ஓட்டை விழுந்தது.

"எனக்கு இதுவே போதும் சார்," என்றாள் செயலாளரிடம்.

"எவ்வளவு பொடி ஓட்டை. தேடித்தான் கண்டுபிடிக்கணும்," என்று பெரியது முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டது.

"ஆமாண்ணே," என்றது சின்னது பரிவாக. "உங்களோடதை இன்னும் தேடிக்கிட்டுத்தான் இருக்காங்க."