பெரியவளின் புது அளவு

தெருவில் யார் வீட்டு விஷயமானாலும் தையல்காரிக்கு முதலில் அளவு டேப்தான் சொல்லும். எதிர்வீட்டு அக்கா தங்கையில் பெரியவளின் சட்டைகளை மூன்றாம் தடவையாகப் பிடித்துத் தைத்தபோது, இது எடை குறைக்கும் ஆபரேஷன்தான் என்று டேப் சொல்லிவிட்டது. தையல்காரியும் தெருவுக்குச் சொல்லிவிட்டாள்.

சட்டைகளை வாங்கிப் போக வந்தவள் தங்கை. இருவரும் ஒரே சுற்றளவில் வளர்ந்தவர்கள். சின்னவள் மட்டும் இன்னும் அப்படியே இருந்தாள்.

"ஏன்டி சின்னவளே, வயித்தைச் சுருக்கிக்கிட்டு உங்கக்கா சிலையாட்டம் ஆயிட்டா. நேத்து அவகிட்டயே சொன்னேன். நீயும் பண்ணிக்க வேண்டியதுதானே?"

"பண்ணிக்கத்தான் போறேன் அத்தை, திங்கக்கிழமை."

"பாத்தியா, அக்காவைப் பார்த்து ஆசை வந்துடுச்சு!"

"பயம் வந்துடுச்சு அத்தை. அவ எந்த ஆபரேஷனும் பண்ணிக்கல. கர்ப்பப்பையில கேன்சர். எங்களை மாதிரி குண்டு உடம்புக்கு அந்த ஆபத்து ஜாஸ்தியாம். எடை குறைஞ்சா எனக்காவது அது குறையலாம்னு டாக்டர் சொன்னாரு."

தையல்காரிக்குத் தலை சுற்றியது. இளைத்தவளுக்கு வியாதி, இளைக்காதவளுக்கு ஆபரேஷனா?

"ஐயோ, அவளைப் போய் சிலைன்னு சொன்னேனே! இப்பவே வந்து மன்னிப்புக் கேக்கறேன்."

"அதை மட்டும் செஞ்சிடாதீங்க. சொந்தக்காரங்க எல்லாரும் அவளைப் பார்த்தாலே அழறாங்க. உங்ககிட்ட வந்துட்டுப் போனதிலிருந்துதான் கண்ணாடி முன்னாடி நின்னு சிரிக்கிறா. நீங்க கிளப்பிவிட்ட கதையே தெருவுல இருக்கட்டும்."

வதந்தியை நிறுத்தச் சொல்லித் தையல்காரியிடம் சண்டைக்கு வந்தவர்கள் உண்டு. நிறுத்தாதே என்று கேட்ட முதல் ஆள் இவள்தான். திட்டுகிறாளா, கும்பிடுகிறாளா என்று புரியாமல் தையல்காரி தலையை மட்டும் ஆட்டிவைத்தாள்.