ஏறாத எடை

அந்தத் துணிக்கடையில் வாசல் தரையே எடை பார்த்தது. வந்ததைவிடக் கூடுதல் எடையோடு வெளியேறும் திருடர்களைப் பிடிக்கப் போட்ட தரை அது. நாளடைவில் விற்பனைப் பெண்களையும் அது காட்டிக்கொடுத்தது. மாதாமாதம் எடை ஏறினால் கர்ப்பம் என்று வேலையை விட்டு நிறுத்திவிடுவார்கள்.

சேலைப் பிரிவில் நின்ற அமலோற்பவத்தின் கணவன் விபத்தில் இடுப்பொடிந்து படுக்கையில் கிடந்தான். விபத்து நடந்த மாதமே நாள் தள்ளிப்போனது தெரிந்ததும் அவள் இரவுச் சோற்றை நிறுத்தினாள். பிறகு காலைப் பலகாரத்தையும் விட்டாள். வயிற்றைச் சேலை மடிப்பு மறைத்தது.

ஏழாம் மாதம் மேற்பார்வையாளர் தனசிங் அவளைக் கூப்பிட்டு, "சேந்த அன்னைக்கு இருந்த மாதிரியே இருக்கியே. மத்தவளுக ஒன்னப் பாத்துப் படிக்கணும்" என்றார். அவள் சிரித்து வைத்தாள்.

அந்த வாரமே வலி கண்டது. பிறந்த குழந்தைக்கு உயிரில்லை.

"ஒரு கிலோகூட இல்லியேம்மா. நீ ஒழுங்கா சாப்பிடவே இல்லியா?" என்று கேட்டாள் நர்ஸ்.

அமலோற்பவம் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

மறுவாரம் வேலைக்குப் போனாள். எடை நன்றாகவே குறைந்திருந்தது. குறைந்தவர்களை அந்தத் தரை நிறுத்துவதில்லை.