வசனப் பெட்டி

கம்பெனி பஸ்ஸுக்குக் கிளம்புமுன் தேவபிச்சை தினமும், பைபிள் வசன அட்டைகள் அடுக்கிய வசனப் பெட்டியிலிருந்து ஓர் அட்டை எடுப்பார். அவர் பள்ளிக்கூடப் பக்கமே போகாதவர். மகள் எழிலரசிதான் வாசித்துச் சொல்வாள். கர்த்தரின் வார்த்தை என்று அப்படியே கீழ்ப்படிவார்.

திங்களன்று, பிள்ளைகளுக்குக் கோபமூட்டாதே என்று வந்தது. கணக்கில் அவள் வாங்கிய பன்னிரண்டு மார்க்கைப் பற்றி அவர் வாயே திறக்கவில்லை. இன்று, ஓய்வு நாளில் வேலை செய்யாதே என்று வந்தது. ஞாயிற்றுக்கிழமை ஓ.டி.யை விட்டுவிட்டு, சர்ச் முடிந்ததும் வண்டலூர் மிருகக்காட்சி சாலைக்கு அழைத்துப் போவதாகச் சொல்லிவிட்டார்.

மகள் குழாயடிக்குப் போனதும், அவள் பெட்டிக்குள் போட மறந்த அட்டையை அவர் மனைவி ரூத்தம்மா எடுத்துப் பார்த்தாள். பிள்ளைகள் பெற்றோருக்குக் கீழ்ப்படிய வேண்டும் என்று இருந்தது.

“இன்னாங்க இது? அட்டையில ஒண்ணு கீது, இவ ஒண்ணு படிக்கிறா. வரட்டும், தோலை உரிக்கிறேன்.”

“வுடு, எனக்குத் தெரியும்,” என்றார் தேவபிச்சை. “ரெண்டு மாசமா கேன்டீன் மாஸ்டர் எழுத்து சொல்லிக் குடுக்கிறாரு. அட்டையை நானே படிச்சிடுவேன்.”

“அப்புறம் ஏன் ஏமாந்த மாதிரி நடிக்கிறீங்க?”

“பாஸ்டரைக் கேட்டுட்டேன். அவ சொன்னதெல்லாம் வேதத்துல கீதாம். நாம எவ்ளோ கத்தியும் வேதத்தைத் தொடாதவ, என்னை மடக்க வசனம் கெடைக்குமான்னு இப்ப தினம் தேடிக்கினு கீறா. பாதி தாண்டிட்டா.” சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டார். “கடைசிப் பக்கம் வர்ற வரைக்கும் எனக்குப் படிக்கத் தெரியாது.”