நேராகப் போகிற மட்டை

"இது பந்தைத் தூரமா அனுப்பும் சார். அது நேரா அனுப்பும்" என்று மறுபடியும் சொன்னார் செயின்ட் ஆண்ட்ரூஸில் கோல்ஃப் கடை வைத்திருக்கும் இன்னஸ்.

மட்டை வாங்க வந்த மெல்ட்ரம், ஆட்டத்தின் முதல் அடிக்கான இரண்டு 'டிரைவர்' மட்டைகளையும் மாற்றி மாற்றி வீசிப் பார்த்தார். "தூரம்தான் எனக்கு வேணும்."

"வேண்டாங்க!" பக்கத்தில் நின்ற பெண்மணி பதறினாள். "நேராப் போறதையே வாங்குங்க."

"கிளப்புல சிரிப்பாங்களே?"

"சிரிச்சா சிரிச்சுட்டுப் போறாங்க. பாதிப் பணம் நான் தர்றேன்."

இன்னஸுக்குப் பொறாமையே வந்துவிட்டது. அவர் வீட்டில் கோல்ஃப் என்று வாயைத் திறந்தாலே மறுநாள் ஓட்ஸ் கஞ்சியில் உப்பு இருக்காது.

"கொடுத்து வச்சவர் சார் நீங்க. இப்படி ஒரு மனைவி யாருக்கு அமையும்!"

"மனைவியா?" மெல்ட்ரம் விழித்தார். "உங்க கடை ஆளு, தள்ளுபடி தர்றாங்கன்னுல்ல நினைச்சேன்!"

அந்தப் பெண்மணி தன் பையை மேசைமேல் கவிழ்த்தாள். கோல்ஃப் பந்துகள் உருண்டோடின. ஒவ்வொன்றிலும் மெல்ட்ரம் தன் பந்துக்கு அடையாளமாகப் பச்சை மையில் வரையும் பூனை முகம்.

"இந்தப் பூனை யாருதுன்னு கிளப்புல விசாரிச்சேன். புது மட்டை வாங்கப் போயிருக்கீங்கன்னாங்க, ஓடி வந்தேன். கோல்ஃப் மைதானத்துல நாலாவது குழிக்குப் பக்கத்துல கண்ணாடி ஜன்னல் வச்ச வீடு என்னோடதுங்க. இப்போ ஜன்னல் இருக்கு, கண்ணாடிதான் இல்ல."