சொந்தக் கையால் மாட்டிய ஸ்டீயரிங்

'ணங்!'

காருக்கு அடியிலிருந்து வந்த சுத்தியல் சத்தத்தில் டெஸ்மண்டுக்குத் தூக்கிவாரிப் போட்டது. பெட்டி பெட்டியாக உதிரிபாகம் வரவழைத்து, ஆறு வருடம் சனிக்கிழமை தவறாமல் வீட்டு ஷெட்டில் அவர் பூட்டிய கார் அது. இன்று அரசுச் சோதனை நிலையத்தில், லிஃப்ட்டின் மேல் நின்றது.

அடியிலிருந்து வெளியே வந்த பரிசோதகர் ஹாக்கின்ஸின் முகம் கோணியிருந்தது.

"ஸ்டீயரிங்கை யார் மாட்டினது?"

"நான்தான் சார். ஏன், தப்பா இருக்கா?"

"தப்பே இல்லை. அதான் பிரச்சினை."

டெஸ்மண்டுக்குப் புரியவில்லை.

"வீட்டுல கட்டற வண்டின்னா எங்கேயாவது ஒரு கோணல் இருக்கும். இருபது வருஷமா பார்க்கறேன்" என்றார் ஹாக்கின்ஸ். "இதுல ஸ்டீயரிங் தண்டு, ராடு, பின்னு எல்லாம் பட்டறைக்காரன் வேலை. காசு கொடுத்து ஆள் வெச்சுக் கட்டினதுக்கு இங்கே சான்றிதழ் கிடையாது."

சான்றிதழ் இல்லையென்றால் நம்பர் பிளேட் இல்லை. நம்பர் பிளேட் இல்லையென்றால் ஆறு வருட உழைப்பு ஷெட்டிலேயே துருப்பிடிக்க வேண்டியதுதான்.

"சத்தியமா வெளியாள் கையே படலை சார்!"

"அப்படியா? முன்சக்கரத்து ராடு நட்டை எத்தனை பவுண்டு முறுக்கு விசையில இறுக்கினீங்க?"

டெஸ்மண்ட் விழித்தார். "அது... வந்து... நல்லா இறுக்கமா..."

"நாப்பது" என்றாள் பின்னால் நின்ற மொய்ரா, பிளாஸ்க்கிலிருந்து டீயை ஊற்றியபடியே. "அப்புறம் பின் போடற ஓட்டை நேரா வர்ற வரைக்கும் இன்னும் கொஞ்சம்."

ஹாக்கின்ஸ் திரும்பிப் பார்த்தார்.

"என் மனைவி சார்" என்று அசடு வழிந்தார் டெஸ்மண்ட். "இவளுக்கு ஸ்பேனருக்கும் ஸ்பூனுக்கும் வித்தியாசம் தெரியாது."

"இவர் தூக்கத்துல அதைத்தானே சார் புலம்பறார்!" என்றாள் மொய்ரா. "ஆறு வருஷமா கேட்டா யாருக்கும் மனப்பாடம் ஆயிடும்."

ஹாக்கின்ஸ் சிரிக்கவில்லை. பேனாவை எடுத்து, 'நிராகரிக்கப்பட்டது' என்ற கட்டத்தை நோக்கிக் கொண்டுபோனார்.

"ஒரு நிமிஷம் சார்."

மொய்ரா விடுவிடுவென்று வெளியே போனாள். தங்கள் பழைய காரிலிருந்து ஒரு பிஸ்கட் டின்னைத் தூக்கி வந்து மேஜைமேல் கவிழ்த்தாள்.

கோணலாக அறுத்த ராடு. முனை மழுங்கி உருண்டையாகிப் போன நட்டுகள். பாதியில் உடைந்த பின். சுத்தியலால் அடித்தே உள்ளே இறக்கப் பார்த்த ஒரு ஸ்டீயரிங் மூட்டு.

"என்ன இது?"

"இந்த வண்டிக்காகக் கெட்டுப்போனது சார். ஆறு வருஷக் குப்பை."

டெஸ்மண்ட் வாயைத் திறந்தார். மொய்ராவின் குதிகால் அவர் ஷூவை அழுத்தியது. வாயை மூடிக்கொண்டார்.

ஹாக்கின்ஸ் அந்த மூட்டைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவர் முகம் மெல்ல மலர்ந்தது.

"கடவுளே! இதைத் தலைகீழா வெச்சு அடிச்சிருக்கீங்களே! எந்தப் பட்டறைக்காரனும் இப்படிச் செய்ய மாட்டான். இது சுத்தமான வீட்டு வேலைதான்."

சான்றிதழில் கையெழுத்து விழுந்தது.

வெளியே வந்ததும் டெஸ்மண்டுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "கெட்டிக்காரி கண்ணு நீ! நான் மட்டும் வாயைத் திறந்திருந்தா மாட்டியிருப்போம். நான் மாட்டினது ஒண்ணாவது அப்படிக் கெட்டிருக்கா?"

மொய்ரா பிஸ்கட் டின்னை மூடினாள்.

"அந்த மூட்டைப் பார்த்தியா? தலைகீழா வெச்சு அடிச்சிருக்கான்! சொல்லு, எந்த மடையன்கிட்ட இரவல் வாங்கினே அந்த டின்னை?"

"எல்லாம் சனிக்கிழமை நீ மாட்டினதுதான், டெஸ். திங்கக்கிழமை நீ ஆபீஸ் போனதும் நான் கழட்டிப் போட்டுட்டு, வேற மாட்டிடுவேன்."